குளம் தந்த காகிதம்

படம் வரைய எனக்கு யாரும் காகிதம் வாங்கித் தந்ததில்லை. குளம் தந்தது.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் குளத்தின் மேற்குக் கரையில், தண்ணீர் இறங்கிய இடத்தில், சேற்றுக்கு மேல் பழுப்பு நிறத்தில் ஒரு ஆடை படிந்து கிடக்கும். நல்ல வெயில் அடித்தால் காய்ந்து ஓரம் சுருளும். அந்த ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தால் தோசை மாதிரி முழுசாக உரிந்து வரும். கொஞ்சம் சொரசொரப்பு. ஆனால் அடுப்புக்கரியால் வரைந்தால் நன்றாகப் பிடிக்கும். சிலதுக்குள் ஸ்டேப்ளர் கம்பி இருக்கும், ஒட்டுகிற டேப்பின் துண்டு இருக்கும். நாற்றம் இருக்கும். அழுகின முட்டை நாற்றம். எத்தனை வெயிலில் காயப்போட்டாலும் அது போகாது. எனக்கு அப்போது பத்து வயது. காகிதம் என்றால் அப்படித்தான் நாறும் என்று நினைத்திருந்தேன்.

காகிதம் குளத்தில் எப்படி விளையும் என்று கேட்காதீர்கள். பாசனத்துக்குத் தண்ணீர் வருகிற சானலுக்கு மேலே ஒரு காகித மில் இருந்தது. இப்போதும் இருக்கிறது. பழைய அட்டைப்பெட்டிகளை லாரி லாரியாகக் கொண்டுவந்து, தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, மறுபடியும் பெட்டி செய்கிற பழுப்புக் காகிதம் ஆக்குவார்கள். அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். அதைப் பூமியிலிருந்து எடுத்தார்கள். கூழை வடித்தபின் வருகிற கெட்ட தண்ணீரை வாய்க்காலில் விட்டார்கள். பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் நுரையோடு வந்து எங்கள் குளத்தில் விழும். மில்லுக்குள் சுத்தம் செய்கிற தொட்டிகள் இருந்தன. சும்மா சொல்லக்கூடாது, பெரிய தொட்டிகள். அதை ஓட்டுவதற்குக் கரண்டு செலவு ஆகும். வாய்க்காலுக்குச் செலவு கிடையாது. அவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம்.

அந்தக் குளத்தில் அப்பா தாமரை போட்டிருந்தார். குளத்தைக் குத்தகைக்கு எடுத்து, விடியுமுன்னே லாரி டியூப்பைக் காற்றடித்துப் போட்டு, அதன்மேல் கவிழ்ந்து படுத்துக் கையால் துடுப்புப் போட்டு மொட்டுப் பறிப்பார். பறித்ததைத் தாமரை இலையிலேயே சுற்றித் தோவாளைச் சந்தைக்குக் கொண்டு போவார். அங்கிருந்து அது எந்தெந்தக் கோயிலுக்கோ போகும். வேறு தொழில் அவருக்குத் தெரியாது.

நான் நாலாம் வகுப்பு போன வருடம் இலைகளின் மேல் அந்தக் கூழ் படிய ஆரம்பித்தது. மொட்டுகள் சிறுத்தன. வெளியிதழ் கருத்தது. அப்பாவின் முழங்காலுக்குக் கீழே புண் வந்து ஆறவில்லை. ஒருநாள் சந்தையில் வழக்கமாகப் பூ எடுக்கிற வியாபாரி கட்டைப் பிரித்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்விட்டுக் கீழே வைத்துவிட்டாராம்.

“அண்ணாச்சி, பூவு நாறுகு. இத சாமி தலையில வைக்கச் சொல்லுகியளா? அடுத்த மட்டமும் இப்படின்னா கொண்டு வராதீங்க.”

அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். பூ விற்காவிட்டால் குத்தகை கட்ட முடியாது. குத்தகை கட்டாவிட்டால் குளம் போய்விடும். இது எனக்கே தெரிந்திருந்தது.

இனி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அந்த மில்லில்தான் சூப்பர்வைசர். ஊர் அம்மன் கோயில் கமிட்டிக்குச் செயலாளரும் அவர்தான். அவர் பேச்சுக்குச் சிரிக்காத ஆள் ஊரில் கிடையாது. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எனக்கு நேந்திரங்காய் சிப்ஸ், எங்கள் பேச்சில் ஏத்தங்காய் வற்றல், வாங்கி வருவார். பைக்கில் முன்னால் உட்கார வைத்துச் சுசீந்திரம் வரைக்கும் கூட்டிப்போவார். அவர் செயலாளர் ஆனபிறகு அம்மன் கொடைத் திருவிழாவுக்கு லைட்டு, மைக் செட்டு, மத்தியானச் சாப்பாடு எல்லாம் மில்லின் உபயம். நோட்டீசில் அம்மன் படத்துக்குக் கீழே மில்லின் பெயர் போடுவார்கள். அந்த மில்லைப் பற்றி ஊரில் ஒருவர் வாய் திறந்தால் பத்துப்பேர் அவரை முறைப்பார்கள்.

அம்மா மட்டும் முறைப்புக்கு அடங்குகிற ஆள் இல்லை.

“ஏலே, ஒனக்க சவத்து மில்லு அத்தானுக்க காலத் தின்னுட்டு கெடக்கு. நீ இங்க வந்து வற்றல் தின்னுகியா?”

“யக்கா, நான் சம்பளத்துக்கு நிக்கவன். மொதலாளிகிட்ட சொல்லியாச்சு. செய்வாவ.”

“எப்பம்? இவரு காலு அழுகி விழுந்த பொறவா?”

மாமா சிரித்துக்கொண்டே என் தலையைத் தடவுவார். எனக்கு அம்மா மேல்தான் கோபம் வரும். இவ்வளவு நல்ல மாமாவை இப்படிப் பேசுகிறாளே என்று.

அப்பா மனு கொடுத்தார். கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் போய் வரிசையில் நின்றார். அங்கே இருந்து வேறு ஆபீசுக்குப் போகச் சொன்னார்கள். ஆலைக் கழிவைக் கண்காணிக்கிற ஆபீஸ். அங்கே போனால் ஆள் இல்லை, ஆள் இருந்தால் நேரம் இல்லை. தாமரை பறிக்கிற மனிதர், சட்டை போட்டுப் பழக்கமில்லாதவர், கல்யாணத்துக்கு வாங்கின சட்டையைப் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பப் போனார். கடைசியில் ஒருநாள் அங்கே சொன்னார்களாம்: “வருவோம். என்னைக்குன்னு சொல்லமாட்டோம். சொன்னா சுத்தம் பண்ணி வச்சிருவாங்கல்ல?” அப்பாவுக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். “கெட்டிக்காரனுவோ பிள்ளே. சொல்லாம வருவானுவளாம்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார்.

“அத்தான், புதன்கிழம ஆபீசர் வாறாரு.”

 அம்மா உடனே கேட்டாள்: “ஒனக்கு யாருலே சொன்னா?”

“காத்துவாக்குல வந்துது. அத விடுங்க. குளம் கெடக்க கெடைக்கு அவர எங்கக்கொண்டு நிறுத்தப் போறிய?”

அப்பா, “அதத்தான மாப்ள அவரு பாக்க வாறாரு” என்றார்.

அப்போது மாமா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். குரலை ஏற்றவே இல்லை.

“அத்தான், அது அம்மனுக்குக் குடம் எடுக்க குளமாக்கும். இந்தக் கோலத்துல காட்டினா அவரு மில்ல பத்தியா எழுதுவாரு? இந்தக் குளத்துல மனுசன் எறங்கப்பிடாது, கொடை நடத்தப்பிடாதுன்னு எழுதிப் போட்டா? கொடைக்கு எப்படியும் புதுவெள்ளம் விடணும்லா? அத இப்பமே விட்டா என்ன? ஒரு பெரிய மனுசன் ஊருக்கு வரும்போ நாத்தத்துக்குள்ள நிறுத்தினா யாருக்கு வெக்கம்?”

புதுவெள்ளம் என்பது எங்கள் ஊர் வழக்கம். எங்கள் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம். ஆடிக் கொடைக்குக் குடம் எடுப்பதற்கு முந்தின வாரம், சானல் மடையை முழுசாகத் திறந்து நல்ல தண்ணீரைக் குளத்துக்குள் விடுவார்கள். பழைய தண்ணீர் மறுகால் வழியாக வெளியே போகும். கரையைச் செதுக்கிச் சுத்தம் செய்வார்கள். பெண்கள் குரவையிடுவார்கள். அழுக்குத் தண்ணீரை அம்மன் தலையில் ஊற்றக்கூடாது என்பதற்காக முன்னோர்கள் வைத்த ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைத்தான் மாமா கையில் எடுத்தார். மில்லைக் காப்பாற்ற வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தால் ஊரில் ஒரு நாய்கூட வந்திருக்காது. அம்மனுக்காக என்றார். ஊரே வந்தது.

அப்பா ஏன் ஒத்துக்கொண்டார் என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும். கொடை நின்றுபோனால் தன்னால்தான் நின்றது என்று ஊர் சொல்லும் என்று பயந்தார். அதைவிட இன்னொன்று. வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் பாயை உதறிப் போடுகிற புத்தி. விருந்தாளியின் மூக்கைப் பற்றிக் கவலைப்படுகிற புத்தி. தன் காலில் சீழ் வடியும்போதும் அடுத்தவன் முகம் சுளிக்கக்கூடாது என்று நினைக்கிற இந்த மரியாதையை வைத்துத்தான் எங்களை எல்லாரும் ஏறி மிதிக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கூடம் போகவில்லை. ஊரே குளத்தில் நின்றது. மடையைத் தூக்கியதும் தண்ணீர் பாய்ந்து வந்த வேகத்தில் கட்டன்சாயா நிறம் உடைந்து, கலங்கி, நுரையெல்லாம் மறுகால் பக்கமாக ஒதுங்கிப் போனது. பெண்கள் குரவையிட்டார்கள். நானும் வாய் வலிக்கக் குரவையிட்டேன். ஆண்கள் மண்வெட்டியால் கரையில் படிந்த கூழையெல்லாம் செதுக்கினார்கள். அதை அள்ளிப்போக மில்லிலிருந்தே டிராக்டர் வந்தது. வடையும் சாயாவும்கூட மில்லிலிருந்து வந்தது. அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று, கூழ் படிந்த இலைகளை ஒவ்வொன்றாக அறுத்துக் கரையில் எறிந்தார். அவருக்கு எதிராக இருந்த சாட்சி இல்லை அது; அவருக்காக இருந்த ஒரே சாட்சி. அதை அவர் கையாலேயே அறுத்தார்.

அம்மா மட்டும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு பெண் கேட்டாள்: “நீ என்ன மயினி, குரவ போடாம நிக்க?”

“எனக்குத் தொண்ட கட்டியிருக்கு” என்றாள் அம்மா.

மறுநாள் ஜீப் வந்தது. மில் அன்றைக்கு ஓடவில்லை. ஏதோ பராமரிப்பு வேலையாம். அதிகாரி கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர். வேப்பமரத்தடியில் மாமா நாற்காலி போட்டு வைத்திருந்தார். இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். கூட வந்த ஆள் ஒருவர் குப்பிகளில் குளத்துத் தண்ணீரைப் பிடித்து மூடினார். குப்பிக்குள் தண்ணீர் பளபளவென்று இருந்தது. ஊர்க்காரர்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்பா அதே கல்யாணச் சட்டையில் கையைக் கட்டிக்கொண்டு போய் நின்றார். “சார், முந்தாநாள் வர இது இப்படி இல்ல சார். கருத்துக் கெடந்துது. நாங்கதான் சார்...”

“இப்ப எப்படி இருக்கோ, அதைத்தான் நான் எழுத முடியும்” என்றார் அதிகாரி.

அப்பா வேட்டியை முழங்கால் வரை தூக்கிக் காட்டினார். அதிகாரி குனிந்து பார்த்தார். “தாமரைத் தண்டுல முள் இருக்குமே?”

“பெறந்ததுலேந்து அந்த முள்ளுக்குள்ளதான் சார் கெடக்கேன். புண்ணு இப்பந்தான் வருகு.”

“ஆஸ்பத்திரியில காட்டுங்க” என்றார் அவர்.

மாமா, “அத்தான், சாருக்கு நேரமாகு” என்று அப்பாவின் தோளைப் பிடித்து நகர்த்தினார். அம்மா அந்தப் பக்கத்திலிருந்து, “கைய எடுலே” என்று கத்தினாள். அதோடு அங்கே சத்தமாகிவிட்டது. எல்லாரும் அம்மாவை அடக்கப் போய்விட்டார்கள்.

எனக்கு அது ரொம்ப வெட்கமாக இருந்தது. பெரிய மனுசன் முன்னால் இப்படியா சண்டை போடுவார்கள்? அவர் கோபப்பட்டுவிடக் கூடாது என்று நினைத்தேன். வீட்டுக்கு ஓடினேன். நான் வரைந்ததிலேயே நல்ல படம் அலமாரிக்குப் பின்னால் இருந்தது. குளம், தாமரை, டியூப்பின் மேல் கவிழ்ந்து கிடக்கிற அப்பா. அதை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். அதிகாரி ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டிரைவர் தவிர யாரும் இல்லை.

“சார், ஒங்களுக்கு.”

அவர் வாங்கிப் பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு அதன் ஓரத்தைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் தேய்த்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு ஸ்டேப்ளர் கம்பி இருந்தது. அதை நகத்தால் தொட்டார். பிறகு படத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். கண்ணை மூடித் திறந்தார். அவர் அதற்கு முத்தம் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்; மோந்துதான் பார்த்தார்.

“யார் குடுத்தா இந்தப் பேப்பர்?”

“கரையிலேந்து உரிச்சேன் சார். நெறைய கெடக்கும். நேத்து எல்லாத்தையும் வாரிட்டாவ.”

அவர் தன் பையைத் திறந்தார். “நல்லா வரைஞ்சிருக்கே பாப்பா” என்றார். படத்தை மடக்காமல் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். ஜீப் போய்விட்டது. குப்பிகளில் இருந்த தண்ணீரும் என் படமும் ஒரே வண்டியில் போயின.

நான் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன், என் படம் பெரிய ஆபீசில் மாட்டியிருக்கிறது என்று. வீட்டில் மட்டும் சொல்லவில்லை. அம்மாவும் அப்பாவும் அந்த நாட்களில் பேசிக்கொள்ளவில்லை. அம்மா வாசலில் மாமாவைப் பார்த்தால் உள்ளே எழுந்து போய்விடுவாள்.

ஜீப் போன மறுநாளே மில் ஓட ஆரம்பித்தது. கொடைக்குக் குடம் எடுத்தபோது குளத்தில் மறுபடியும் நுரை. அம்மன் தலையில் எதை ஊற்றினார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். சாப்பாடு நன்றாக இருந்தது.

கார்த்திகைக்குள் முடிவு வந்தது. குளத்துத் தண்ணீர் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது, மில்லின் மேல் நடவடிக்கை தேவையில்லை. அந்த வருடக் கடைசியில் குளம் எங்கள் கையை விட்டுப் போனது. வேறு யாரும் எடுக்கவும் இல்லை. தாமரை முழுசாக அழிந்து ஆகாயத்தாமரை ஏறியது. அப்பா வேறு ஒருவரின் பூக்கடையில் மாலை கட்டப் போனார். உட்கார்ந்தே இருந்தால் காலுக்கு நல்லது என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். காலுக்கு நல்லதாம்.

மாமா மேனேஜர் ஆனார். என் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டு வந்தார். வாங்கிக்கொண்டேன். மணமேடையில் தாய்மாமனைத் துரத்த முடியாது. மில் இப்போது இன்னும் பெரிதாகிவிட்டது. வாசலில் ஒரு மின்பலகை வைத்திருக்கிறார்கள். வெளியே விடுகிற தண்ணீரின் அளவும் சுத்தமும் அதில் எண்ணாக ஓடிக்கொண்டே இருக்கும். அதிகாரிகள் தங்கள் ஆபீசில் இருந்தே பார்த்துக்கொள்ளலாமாம். நல்ல ஏற்பாடு. மீட்டர் வைத்த குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது. மீட்டர் வைக்காத குழாய் எங்கே இருக்கிறது என்று ஆடு மேய்க்கிறவர்களைக் கேட்டால் கையைக் காட்டுவார்கள். எந்த அதிகாரியும் ஆடு மேய்க்கிறவர்களைக் கேட்பதில்லை.

கார்த்திகையில் அந்த முடிவு வந்த அன்று சாயந்திரம் அப்பா குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னார்:

“அந்த மனுசனச் சொல்லிக் குத்தமில்ல மக்கா. நாமதான வெள்ளத்த மாத்திக் காட்டினோம். அவருக்கு எப்படித் தெரியும்?”

அப்பா அவரைத் திட்டாமல் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. அதனால் நானும் சொன்னேன்:

“ஆமாப்பா, அவரு நல்லவரு. எனக்க படத்த கொண்டு போனாரு.”

“எந்தப் படம்?”

“குளத்துப் படம். நீங்க டியூப்புல கெடக்க மாதிரி.”

“எதுல வரஞ்சது?”

“கரையில உரிச்ச காயிதத்துல.”

அப்பா முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார்.

“வாங்கிட்டு என்ன செய்தாரு?”

“வெரலால தேச்சுப் பாத்தாரு. மோந்து பாத்தாரு. எங்கேந்து எடுத்தேன்னு கேட்டாரு, சொன்னேன். பொறவு பைக்குள்ள வச்சுப் பூட்டிட்டாரு.”

“மோந்து பாத்தாரா?”

“ஆமா.”

“நல்லா ஓர்மை உண்டா மக்கா? மோந்து பாத்தாரா?”

“ஆமாப்பா. கண்ண மூடிட்டு.”

 அப்பா எழுந்து, கரையில் கிடந்த டியூப்பில் அடித்திருந்த காற்றைத் திறந்துவிட்டார். அது சுருங்கித் தரையில் படுக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவ்வளவு பெரிய செய்தி சொல்லியும் படம் எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது.

நன்றாக வரைந்திருந்ததால்தான் அவர் அதை எடுத்துப்போனார் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். படத்தை யாராவது மோந்து பார்ப்பார்களா என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.